கரன்ட் எல்லாருக்கும், கழிவு மட்டும் ஒரு ஊருக்கா?

2012-ஐ திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையைத் தாண்டினாலே தினமும் 10 மணி நேரத்துக்கு மேல் கரன்ட் கட். பீங்கான் பட்டறையில் மண் அரைக்கும் மோட்டார் நின்றால், அன்றைக்குக் கூலியும் நின்றுபோகும்.

அந்த வருஷம் மார்ச்சில்தான், இடிந்தகரை போராட்டத்துக்கு நடுவே, கூடங்குளத்துக்கு ஜெயலலிதா அரசு பச்சைக்கொடி காட்டியது. 2013 அக்டோபரில் முதல் உலை கிரிட்டில் இணைந்தது. இன்று 2 உலைகள், தலா 1,000 மெகாவாட். அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு. இன்னும் 4 உலைகள் கட்டுமானத்தில் இருக்கின்றன.

அணுமின்சாரம் அவ்வளவு முக்கியமா?

நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் அதன் பங்கு வெறும் 3% அளவுதான். 2047-க்குள் 100 ஜிகாவாட் என்று 2025 மத்திய பட்ஜெட் இலக்கு வைத்தது. அப்போது கையில் இருந்ததோ சுமார் 8 ஜிகாவாட். கிட்டத்தட்ட 12 மடங்கு உயர வேண்டும்!

ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. காற்றாலை சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். சோலார் சாயங்காலமே ஓய்ந்துவிடும். ராத்திரியும் ஓடக்கூடிய, கார்பன் புகை விடாத மின்சாரம் வேண்டுமென்றால் அணு உலையும் ஒரு வழி.

சரி, நிலக்கரியிலேயே ஓட்டிவிடலாமே?

அதற்கும் விலை உண்டு. பக்கத்திலேயே நெய்வேலி. 2023 ஜூலையில் வளையமாதேவியில், என்.எல்.சி. சுரங்க விரிவாக்கத்துக்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை கடலூர் மாவட்டமே பார்த்தது. அங்கே நிலம் போகிறது, கூடங்குளத்தில் கழிவு தங்குகிறது. சுவிட்ச் போடுபவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்.

பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை 5 ஆண்டுக்குள் அமைக்கச் சொல்லி 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கெடுவுக்குள் அது முடியவில்லை. கூடுதல் அவகாசம்தான் கேட்கப்பட்டது. கிடங்கைக் கூடங்குளத்திலேயே அமைக்கும் திட்டத்துக்கு ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கேள்வி தீராமலே அடுத்தடுத்த உலைகள் எழும்பின.

ஆகவே அணுமின்சாரம் வேண்டும், ஆனால் வரிசை மாற வேண்டும். முதலில் கழிவு எங்கே, எத்தனை காலம், யார் பொறுப்பு என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும் தமிழில் பதில். அப்புறம் புது உலை. கூடவே காற்றாலை, சோலார் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கும் அதே வேகம்.

திட்டக்குடியில் ஃபேன் சுற்ற வேண்டும்தான். அதற்காக இடிந்தகரையில் ஒருவர் தூக்கம் தொலைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.