தமிழுக்கு ராக் ஒட்டாதாம்!

"ராக் எல்லாம் தமிழுக்கு ஒட்டாதுப்பா." கல்லூரி கேன்டீனோ, தருவைகுளம் கடற்கரை டீக்கடையோ, பேச்சு இசைப்பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் இப்படித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். காரணங்களும் தயார். ஒன்று, மொழி தாங்காது. இரண்டு, சந்தை கிடையாது. மூன்று, காசு சினிமாவில்தான்.

மூன்றும் தப்பு. நிரூபிக்க லண்டன் வரை போக வேண்டாம், திருவனந்தபுரமே போதும்!

அங்கே 2003-ல் தொடங்கிய இசைக்குழு 'அவியல்'. ரெக்ஸ் விஜயன் கிடார், மிதுன் டிரம்ஸ், பின்னி ஐசக் பேஸ் கிடார், டோனி ஜான் குரல். 2008-ல் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. எட்டுப் பாடல்கள், எட்டும் மலையாளம். ஹீரோ கிடையாது, டூயட் கிடையாது, பாட்டுக்கு முன்னால் கதை கிடையாது. மும்பையின் ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் அதை நம்பி வெளியிட்டது.

முதலில் மொழி. அந்த ஆல்பத்தில் 'ஆடு பாம்பே' என்றொரு பாட்டு. எழுதியவர் நாராயண குரு. ஆன்மிகப் பாட்டு எலக்ட்ரிக் கிடாரோடு சேர்ந்து அதிர்கிறது, மலையாளம் உடைந்து போய்விடவில்லை. பாம்பைக் கூப்பிட்டுப் பாடுவதில் தமிழில் பாம்பாட்டிச் சித்தர் எப்போதோ முந்திக்கொண்டவர். சித்தர் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'மொழி தாங்காது' என்பது நல்ல தமாஷ்!

'அந்நிய இசை' என்பாரும் உண்டு. ராக் பிறந்தது ப்ளூஸில். ப்ளூஸின் வேர்களில் ஒன்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் வேலைப் பாட்டு. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, வேலை நகரும். வலை இழுக்கும்போது 'ஏலேலோ' கேட்டு வளர்ந்த கடற்கரைக்கு இது அந்நியமா?

இரண்டாவது, சந்தை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மலையாளம் தாய்மொழி என்றவர்கள் சுமார் 3.5 கோடி. தமிழ் என்றவர்கள் சுமார் 6.9 கோடி. பாதிச் சந்தையில் கடை போட்டவன் விற்றுக் காட்டிவிட்டான், இரட்டைச் சந்தைக்காரர் 'வியாபாரம் இல்லை' என்கிறார். எந்தக் கணக்குப் புத்தகத்தில் இது வரும்? 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த அந்தக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். கேட்க ஆள் இல்லை என்ற பேச்சு அன்றைக்கே செத்துவிட்டது.

மூன்றாவது, காசு. இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் துணிந்து கேட்க வியாபாரி இருந்தார். மூச்சடக்கி முங்கியவருக்கும் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு உண்டு.

சினிமாவில்? 1977-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு போட்ட பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே. போட்டவருக்குக் கூலி, அதோடு சரி. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் ராயல்டியில் சமபங்கு என்பது எழுதி வாங்கிவிட முடியாத உரிமையானது. முப்பத்தைந்து வருஷம் முங்கியவருக்கு மூன்றில் ஒன்றுகூட நிச்சயம் இல்லை! சொந்த ஆல்பம் போட்ட குழு தன் உரிமையைத் தானே பேரம் பேசலாம். இதில் எது நஷ்ட வியாபாரம்?

"அவியல்காரர்களும் கடைசியில் சினிமாவுக்குத்தானே போனார்கள்?" என்று கேட்கலாம். போனார்கள். 2011-ல் 'சாப்பா குரிசு' படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். போகட்டும், சினிமா ஒன்றும் பாவமில்லை. ஆனால் அவர் போனது தன் ஆல்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. இங்கே கிடார் பிடிக்கும் பையன் அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசித்துக் காட்டிவிட்டு வாசலில் நிற்கிறான்.

அவனை அங்கே நிறுத்தியது யார்? கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆங்கிலத்தில் ராக் வாசித்தால் 'வெஸ்டர்ன்' என்று ஒரு போட்டி, தமிழில் பாடினால் சினிமாப் பாட்டுக்கு 'லைட் மியூசிக்' என்று ஒரு போட்டி. சொந்தமாகத் தமிழில் பாட்டு எழுதி மெட்டுப் போட்டவன் எந்த வரிசையில் நிற்பான்? கோயில் பாடகர் குழுவில் கிடார் பழகிய தருவைகுளத்துப் பையன் எங்கே போவான்?

பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். அடுத்த கல்ச்சுரல்ஸில் ஒரே ஒரு விதி போதும்: 'சொந்தப் பாட்டு மட்டும்.' முதல் வருஷம் பாதிப் பாட்டு சகிக்காது. சிப்பியிலும் பெரும்பாலானவற்றில் முத்து இருந்ததில்லை. அதற்காக யாரும் முங்காமல் இருந்துவிடவில்லையே!