தகப்பன் பெயரில் உள்ள நிலம்

பிரிட்டனில் 2024 அக்டோபர் 30-ஆம் தேதி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அம்மையார் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் விளைநிலங்களுக்கு 1992 முதல் இருந்துவந்த முழு மரண வரி விலக்கு 2026 ஏப்ரல் முதல் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டதும், அடுத்த மாதமே ஆயிரக்கணக்கான குடியானவர்கள் லண்டன் வீதிகளில் திரண்டு முறையிட்டதும், ஓராண்டுக்கு மேல் நீடித்த கிளர்ச்சிக்குப் பின் 2025 டிசம்பரில் அரசாங்கம் விலக்கின் வரம்பை 10 லட்சம் பவுனிலிருந்து 25 லட்சம் பவுனாக உயர்த்தியதும் பத்திரிகை வாசிப்போர் அறிந்தவை. இந்த விவகாரத்தில் பணக் கணக்கும் உண்டு, வயதுக் கணக்கும் உண்டு. என் மனத்தை அதிகமாக வருத்துவது வயதுக் கணக்கே.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 400 ஏக்கர் நிலத்தை ஏக்கர் 10,000 பவுன் வீதம் மதிப்பிட்டால் 40 லட்சம் பவுன் ஆஸ்தி. ஆனால் விதை, உரம், இயந்திரம், கூலி எல்லாம் போக அந்நிலத்திலிருந்து வருஷாந்தரம் மிஞ்சுவது அம்மதிப்பில் நூற்றுக்கு ஒன்று இரண்டைத் தாண்டுவது அரிது. முதல் திட்டப்படி 10 லட்சம் போக எஞ்சிய தொகைக்கு, வழக்கமான 40 சதவிகிதத்தில் பாதியை விதித்தால், மற்றச் சலுகைகளைக் கணக்கில் சேர்க்காமல், வரி 6 லட்சம் பவுன் ஆகும். வட்டியின்றிப் பத்து ஆண்டுகளில் கட்டலாம் என்றாலும் ஆண்டுக்கு 60,000 பவுன். திருத்திய வரம்பினால் அது பாதியாயிற்று. அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். இந்த விலக்கின் மொத்தப் பயனில் 40 சதவிகிதத்தை, அதைக் கோரிய ஆஸ்திகளில் 7 சதவிகிதமே எடுத்துக்கொண்டன என்று அது காட்டிய கணக்கு அற்பமானதன்று. ஏரைத் தொட்டறியாத தனவந்தர்கள் வரிக்குத் தப்பும் பொருட்டு நிலம் வாங்குவதால் விலை ஏறுகிறது, உழ விரும்பும் இளைஞனுக்கோ ஒரு காணி நிலமும் எட்டாமற்போகிறது.

இனி வயதைப் பற்றி. 1992-க்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் முழுவதும் அந்நாட்டுச் சட்டம் முதியவர்களுக்குச் செய்துவந்த உபதேசம், கண்மூடும் வரையில் நிலத்தை உன் பெயரிலேயே வைத்திரு என்பதுதான். அவ்வாறு வைத்திருந்தால் மரண வரியும் இல்லை, விலையேற்றத்தின் மேல் விழவேண்டிய மூலதன லாப வரியும் மரணத்தோடு கழிந்துபோகும். ஆகவே ஐம்பது வயதான மகன் விடியுமுன் எழுந்து பால் கறந்தும், உழுதும், அறுத்தும் தன் ஆயுளை அந்த மண்ணிலே செலவழித்தாலும், ஒரு கொட்டகை கட்டக் கடன் வாங்கும் பத்திரத்தில் தகப்பனார் கையெழுத்தையே நாடி நிற்கும் நிலைமை பல குடும்பங்களில் நிலைத்தது. இது நமக்குப் புதிதன்று. பட்டா பாட்டனார் பெயரிலேயே இருக்க, பேரன் உழுகின்ற வயல்கள் நம் ஊர்களிலும் ஏராளம்.

சட்டம் இப்பொழுது திரும்பி நின்று, உயிரோடிருக்கும்போதே கொடு என்கிறது. கொடுத்தவர் ஏழாண்டு ஜீவித்திருந்தால்தான் அத்தானம் முற்றிலும் வரியிலிருந்து தப்பும். எண்பத்தைந்து வயதான ஒருவருக்கு இது எவ்வகையில் உதவும்? மேலும், கொடுத்த பிறகு அவர் அதே பண்ணை வீட்டில் வாடகையின்றி வசித்தாலோ, நிலத்தின் வருமானத்தை முன்போல அனுபவித்தாலோ, அந்தத் தானம் வரிக்காரர் கண்ணில் தானமே ஆகாது. நம் பக்கத்துத் தகப்பன்மார், ஆயுள் பரியந்தம் அனுபோக பாத்தியதையைத் தமக்கு வைத்துக்கொண்டு மகன் பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதுகிறார்களே, முதுமைக்கு ஆதரவான அந்த ஏற்பாட்டினால் அங்கே வரி குறையாது.

அந்நாட்டுச் சட்டத்தை அடியொற்றி நம் நாட்டில் 1953-இல் வந்து, 1985-இல் வி. பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது நீக்கப்பட்ட எஸ்டேட் வரியில்கூட, சாதாரணத் தானங்களில் மரணத்துக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தவையே ஆஸ்தியோடு சேர்க்கப்பட்டன. திட்டம் அறிவிக்கப்பட்ட தினத்தில் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்த குடியானவர்களுக்கு மட்டுமாவது அத்தகைய குறுகிய தவணையை விதித்திருந்தால் பொக்கிஷம் வறண்டுபோயிராது என்பது என் திடமான அபிப்பிராயம். வரம்பை உயர்த்தியதனால் சிறு பண்ணைகள் பல தப்பின. அதற்கு மேற்பட்ட நிலத்தை முதிர்ந்த வயதில் தம் பெயரில் வைத்திருப்பவர்களுடைய கஷ்டம் தீரவில்லை. வாரிசு உழுதுகொண்டிருக்கும் வரையில் வரியைக் கேளாமல் நிறுத்திவைத்து, அவன் நிலத்தை விற்றுப் பணமாக்கும் தினத்தில் அக்கிரயத் தொகையிலிருந்தே வசூலிப்பதென்று ஒரு விதி செய்வதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.