நிழலைத் துடைக்கலாம், முகத்தை?

வெயிலில் நடப்பவனுக்கு நிழலைவிடப் பெரிய உபகாரி யார்? ஆனால் அதே நிழல் போட்டோவில் மூக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டால், கல்யாணப் பெண்ணுக்கும் மீசை முளைத்துவிடுகிறது!

எல்லாச் சமயத்திலும் இப்படிச் சிரித்துவிட்டுப் போக முடிவதில்லை. தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலமாகிவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியாக வேண்டும். பாட்டியோ ஆயுளில் ஒரு தடவைகூடத் தனியாகப் படம் எடுத்துக்கொண்டவள் அல்ல. அகப்பட்டது ஒன்றே ஒன்று. கொள்ளுப்பேத்திக்குக் காது குத்தியபோது புளியமரத்தடியில் யாரோ செல்போனில் பிடித்தது. பாதி முகம் வெயில், பாதி முகம் நிழல்.

"அண்ணே, எங்க ஆயா மூஞ்சியிலே இருக்கிற கறுப்பையெல்லாம் எடுத்துடுங்க" என்கிறான் பேரன், ஸ்டூடியோக்காரரிடம்.

எந்தக் கறுப்பை எடுப்பது? மரத்தின் கறுப்பையா, பாட்டியின் கறுப்பையா? விஷயம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நிழல் திருத்தும் வேலை கம்ப்யூட்டரோடு பிறந்தது அல்ல. பிலிம் காலத்து நெகடிவில், நிழல் விழுந்த இடம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதன்மேல் கூர்மையான பென்சிலால் பொறுமையாகப் புள்ளி வைப்பார்கள். அச்சிடும்போது அந்த இடத்தில் ஒளி குறைவாகப் புகும். காகிதத்தில் நிழல் வெளுக்கும். இருட்டறையில் கம்பி நுனியில் ஓர் அட்டைத் துண்டை ஒட்டி ஒளியை மறைப்பதும் உண்டு. 1990-இல் போட்டோஷாப் வந்தது. அதிலுள்ள 'டாட்ஜ்' கருவிக்கு அந்தக் கம்பி அட்டையேதான் சின்னம்!

இன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன? முதலில், மூலப் படத்தைத் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். போட்டோஷாப்பில் நிழலை மட்டும் வெளிச்சமாக்கும் வசதி 2003 முதல் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலும் உண்டு. உப்புப் போடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெளிச்சம் ஏறியதும் நிறம் குட்டை உடைக்கும். இலை நிழலில் பச்சைச் சாயல் தெரியும். சிவப்புச் சாமியானாவின் கீழ் சிவப்பு. அதையும் சரிக்கட்ட வேண்டும். வெயில் பட்ட மறு கன்னம்தான் அளவுகோல். அதைவிட ஒரு படிகூட வெளுக்கக் கூடாது.

மூக்கின் ஓரத்து நிழலையும், மோவாய்க்குக் கீழே உள்ள நிழலையும் அடியோடு எடுத்துவிடாதீர்கள். அவை போனால் முகம் தோசைக்கல்தான்! சுருக்கங்களோ பாட்டி சம்பாதித்த சொத்து. அதில் கை வைக்க நாம் யார்?

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண செல்போன் படத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம்வரை 256 படிகளே. கும்மிருட்டான இடத்துக்கு அவற்றில் சில படிகள்தான் கிடைக்கும். அதைப் பிடித்து இழுத்தால் மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வரும். இல்லாத கண்ணைச் செயற்கை நுண்ணறிவு வரைந்து தந்துவிடும், வாஸ்தவம். அழகான கண்தான், ஆனால் அது பாட்டியின் கண் அல்ல.

நிழலைக் கூட்டினாலும் ஆபத்துதான். 1994-இல் அமெரிக்காவில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ.ஜே. சிம்சனின் போலீஸ் படத்தை 'டைம்' பத்திரிகை இருட்டாக்கி அட்டையில் போட்டது. 'நியூஸ்வீக்' அதே படத்தை மாற்றாமல் போட்டது. கடைகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த ஜனங்கள், "தீர்ப்பு வருமுன்பே மனிதனைக் கறுப்பாக்கிக் குற்றவாளி ஆக்கிவிட்டார்களே!" என்று கொதித்தார்கள். கொஞ்சம் நிழல் ஒரு மனிதரைப் பற்றிய அபிப்பிராயத்தையே மாற்றிவிடுகிறது, பார்த்தீர்களா?

பாஸ்போர்ட் படத்திலோ முகத்திலும் நிழல் கூடாது, பின்னணியிலும் கூடாது. மென்பொருளால் திருத்தவும் கூடாது. அங்கே நிழல் விழுந்தால் மறுபடி எடுப்பதே வழி.

மறுபடி எடுக்க முடிவது பெரிய பாக்கியம் அல்லவா? ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவர்களை இந்த ஞாயிற்றுக்கிழமையே படம் எடுத்துவிடுங்கள். உச்சி வெயில் வேண்டாம். காலையிலோ மாலையிலோ, வெயில் நேராகப் படாத திண்ணையில், முகம் வெளிச்சத்தைப் பார்க்க உட்கார வையுங்கள். சுவரை விட்டு நாலைந்து அடி தள்ளியிருக்கட்டும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலைத் தானே இளக்கிவிடும்.

எந்த மென்பொருளும் செய்ய முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசி, அவர்களைச் சிரிக்க வையுங்கள்!