மூல ஓவியமும் முற்போக்கு வாதமும்

கலைப்படைப்பு ஒன்றின் மூலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்புவது பூர்ஷுவா மனப்பாங்கு என்னும் கருத்து, பல்கலைக்கழகக் கலைப் பீடங்களில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அச்சுப்படி மலிவாகக் கிடைக்கையில் மூல ஓவியத்துக்கு ஏங்குவது பண்ட வழிபாடு என்பர் இக்கருத்தினர். தம் கட்சிக்குச் சாட்சியாக அவர்கள் தவறாது அழைப்பது வால்ரர் பெஞ்சமினை. இயந்திர மறுஉற்பத்தி யுகத்தில் கலைப்படைப்பின் நிலை பற்றி அவர் எழுதி 1936 இல் முதன்முதலாக வெளிவந்த கட்டுரை, மூலத்தைச் சூழ்ந்திருந்த ஒளிவட்டத்தை அகற்றிவிட்டதாம். ஆகவே மூலத்தின் மீதான பற்று பிற்போக்கானதாம்.

சாட்சியை அழைப்போர் அவரது வாழ்க்கையையும் விசாரித்தல் வேண்டும். அவ்வாறு விசாரிப்பின், இச்சாட்சி எதிர்க்கட்சிக்கே சான்று பகர்வது புலனாகும்.

1921 ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில், மியூனிச் நகரில், போல் கிளே வரைந்த ஓவியமொன்றைப் பெஞ்சமின் 1,000 மார்க் கொடுத்து வாங்கினார். 'அங்கெலுஸ் நோவுஸ்', அதாவது 'புதிய தேவதூதன்', என்பது அதன் பெயர். முந்திய ஆண்டில் கடதாசியில் ஆக்கப்பட்ட அவ்வோவியம் ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் உயரமும் 24 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. கிளே அப்போது நாற்பத்தொரு வயதினர். பெஞ்சமினுக்கு வயது இருபத்தெட்டு. பேர்ண் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்திருந்தாராயினும் அவருக்கு நிலையான தொழில் இருக்கவில்லை. பணத்தின் பொருட்டுத் தந்தையோடு பிணங்கிக்கொண்டு, மனைவியோடும் குழந்தையோடும் பேர்லினில் பெற்றோர் வீட்டை அண்டி வாழ்ந்தார். கிளேயின் மீது அவருக்கிருந்த ஈடுபாடு புதியதன்று. 1920 இல் அவரது மனைவி டோரா, கிளேயின் வேறொரு படத்தையே பிறந்தநாட் பரிசாக அவருக்கு அளித்திருந்தார்.

வாங்கிய ஓவியத்தை வைப்பதற்குத் தகுந்த இடமும் அவருக்கு உடனே வாய்க்கவில்லை. சில மாதங்கள் அது மியூனிச்சில் நண்பர் கேர்ஷொம் ஷொலெமின் இருப்பிடத்திலேயே தொங்கியது. ஆயினும் தாம் தொடங்கவிருந்த சஞ்சிகைக்குப் பெஞ்சமின் அவ்வோவியத்தின் பெயரையே சூட்டினார். சஞ்சிகை வெளிவரவில்லை; ஓவியம் அவரோடிருந்தது. இறுதி ஆண்டாகிய 1940 இல் வரலாறு என்னும் கருத்தாக்கம் பற்றி அவர் எழுதிய குறிப்புகளின் ஒன்பதாம் பகுதி அத்தேவதூதனைப் பற்றியதே. இறந்த காலத்தின் இடிபாடுகளை நோக்கி முகந்திருப்பி நிற்கையிலேயே, எதிர்காலத்துள் புயலால் தள்ளப்படும் உருவமாக அவர் அதனைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றுச் சிந்தனையில் மிகுதியும் எடுத்தாளப்படும் அவ்வுருவகம், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு சிறு கடதாசியோடு வாழ்ந்த ஒருவரிடமிருந்தே பிறந்தது. ஓவியத்தை ஒருநாள் காட்சிச்சாலையில் கண்டு மீள்பவனுக்கோ நூலொன்றில் புரட்டிச் செல்பவனுக்கோ அத்தகைய நீண்ட உறவு எளிதிற் கிட்டுவதில்லை.

அவ்வாறாயின் பெஞ்சமின் சொல் ஒன்று, செயல் ஒன்று என வாழ்ந்தாரா? இல்லை. அவரை மேற்கோள் காட்டுவோர் கட்டுரையின் ஒரு பாதியை மட்டும் படித்துள்ளனர். மறுஉற்பத்தியினாற் கலை மக்களை அணுகுகிறது என்பதையும், சடங்கின் பிடியிலிருந்து விடுபடுகிறது என்பதையும் அவர் வரவேற்றார். அதே கட்டுரையில், எத்துணைச் சிறந்த படியிலும் இல்லாதது ஒன்றுண்டு என்பதையும் தெளிவாகக் கூறினார். ஒரே இடத்தில் ஒரே பொருளாக இருந்து, காலத்தின் தேய்வையும் கைமாறிய வரலாற்றையும் தன் உடலில் தாங்கி நிற்கும் தன்மையே அது. ஒளிவட்டம் மங்குகிறது என்று அவர் கூறியது ஒரு நிலைமை பற்றிய கணிப்பு. மூலத்தை எவரும் நாடலாகாது என்ற தடையுத்தரவாக அதனை மாற்றியோர் பின்வந்தவர்களே. 1935 இல் பாரிஸ் நகரம் பற்றி அவர் வரைந்த ஆய்வுச் சுருக்கத்தில், சேகரிப்பவனைப் பொருள்களிலிருந்து பண்டத்தன்மையை நீக்க ஓயாது முயல்பவனாகவே சித்திரிக்கின்றார். பண்ட வழிபாடு என்னும் குற்றச்சாட்டுக்கு அவரது எழுத்திலேயே விடை உண்டு.

பண்ட வழிபாட்டைக் காண விரும்புவோர் வேறிடம் நோக்குக. லியனாடோ டா வின்சிக்கு உரியதெனக் கூறப்படும் 'சல்வற்றோர் முண்டி' ஓவியம் 2017 இல் நியூயோர்க் ஏலத்தில் 45 கோடி டொலருக்கு விலைபோயிற்று. விற்பனைக்குப் பின் பல ஆண்டுகளாக அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. பரிவர்த்தனைப் பெறுமதி ஓவியத்தை முற்றாக விழுங்கிவிட்ட நிலை இது. வாங்கியவர் பார்க்க வேண்டிய தேவைகூட இங்கு இல்லை. இதனையும் பெஞ்சமினின் 1,000 மார்க்கையும் ஒரே தராசிலிட்டு இரண்டும் உடைமை மோகமே எனத் தீர்ப்பளிப்பது மார்க்சிய ஆய்வாகாது. அது வெறும் சோம்பல். எவ்வகை உடைமை, எவ்வகை உறவு என வினவாது விடும் விமர்சனம் முதலாளியத்துக்கு எவ்வித இடரும் விளைப்பதில்லை. ஏலக்காரர்களுக்கும் அவர்களைக் கண்டிக்கும் கோட்பாட்டாளர்களுக்கும் ஒரு விடயத்தில் முழு உடன்பாடு உண்டு: மூல ஓவியம் செல்வந்தருக்கே உரியது என்பது இருசாராருக்கும் முடிந்த முடிபு.

பெஞ்சமினும் செல்வந்த வணிகரின் மகன்தானே என்ற தடை எழலாம். அது மெய்யே. தந்தையின் செல்வம் இல்லாவிடின் அவரது இளமை வேறாக அமைந்திருக்கும். ஆயின் 1933 இல் நாட்சிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், பாரிசில் பெரும் வறுமையில் உழன்றார். பேர்லினில் தங்கிவிட்ட ஓவியம் பின்னர் அறிமுகமானவர் ஒருவர் மூலம் அங்கு அவரை வந்தடைந்தது. 1939 இல், அமெரிக்கா செல்லும் செலவுக்காக அதனை விற்கவும் அவர் எண்ணினார். உயிரைக் காக்க ஒருவன் தன்னிடமுள்ள அரும்பொருளை விற்க முனைவதும் இலாபத்துக்கு விற்பதும் ஒன்றல்ல. விற்பனை கைகூடவில்லை. 1940 இல் ஜேர்மானியப் படைகள் பாரிசை நெருங்கியபோது, ஓவியத்தைச் சட்டத்திலிருந்து அகற்றித் தம் கையெழுத்துப்படிகளோடு பெட்டியிலிட்டார். பிரான்சிய தேசிய நூலகத்திற் பணியாற்றிய எழுத்தாளர் ஜோர்ஜ் பத்தாய் அவற்றை ஒளித்துக் காத்தார். அவ்வாண்டு செப்ரெம்பரில் ஸ்பானிய எல்லையூராகிய போர்ட்போவில் பெஞ்சமின் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். போருக்குப் பின் ஓவியம் அடோர்னோவின் கைக்கு வந்து, பெஞ்சமினின் விருப்பப்படி ஷொலெமைச் சேர்ந்தது. 1987 முதல் அது யெரூசலத்திலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு உரியது.

இவ்வரலாற்றின் மறுபக்கமும் நோக்கற்பாலது. 1937 இல் நாட்சி அரசு கிளேயின் 102 படைப்புகளை ஜேர்மனியின் பொதுச் சேகரிப்புகளிலிருந்து பறித்தது. அவற்றுட் சிலவற்றை 'சீரழிந்த கலை' என இகழ்ந்து மியூனிச்சிலே காட்சிக்கு வைத்தது. பொதுக் காட்சிச்சாலைகள் வேண்டா என்பது இதன் பொருளன்று. எனினும் கலையைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்க இயலாது என்பதை இது உணர்த்துகின்றது. ஒரு நாடோடி அறிஞனின் பெட்டியும் ஒரு நூலகரின் துணிவும் அந்த ஒரு தேவதூதனைக் காத்தன.

அச்சுப்படி போதும் என்போருக்கு இன்னுமொரு விடை 2015 இல் வந்தது. அமெரிக்க ஓவியர் ஆர். எச். குவேய்ற்மன் மூல ஓவியத்தை நேரில் ஆராய்ந்து, கிளே தம் தேவதூதனைப் பழைய செதுக்குப்படம் ஒன்றின்மேல் ஒட்டியிருந்ததைக் கண்டறிந்தார். அது மார்ட்டின் லூதரின் உருவம். 1838 இல் அச்சிடப்பட்டது. உலகெங்கும் நூல்களிலும் அட்டைகளிலும் பல்லாண்டுகளாகப் பெருகிய படிகளைப் பார்த்தோர் இதனை அறியவில்லை. மூலம் இருந்தமையாலேயே அவ்வினாவை எழுப்பவும் விடை காணவும் முடிந்தது.

மூலம் அழிந்தால் எது அழிகிறது என்பதை இந்நாட்டுத் தமிழ் மாணவருக்கு எவரும் கோட்பாட்டு நூலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறு படிகள் உலகில் இருந்தன. அவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. படியெடுக்கப்படாத ஏட்டுச் சுவடிகளை எவராலும் மீட்க இயலவில்லை. அந்த இழப்பை நினைந்து வருந்திக்கொண்டே, மூலத்தின் மீதான பற்றைப் பூர்ஷுவா நோய் என எள்ளுவது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே வாதத்தைச் செயலில் முடித்தல் தகும். பெஞ்சமின் வாங்கியது காலஞ்சென்ற மேதையின் படைப்பையன்று; தம் காலத்தில் வாழ்ந்து வரைந்துகொண்டிருந்த ஒருவரின் சிறு படைப்பை. இந்நாட்டிலும் ஓவியர் வாழ்கின்றனர். அவர்களைப் பாராட்ட மேடைகள் உள்ளன. விலை கொடுத்து வாங்குவோர் அரியர். விழாக்களில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், பல்கலைக்கழக மன்றமொன்று ஆண்டுதோறும் ஒரு சிறிய மூல ஓவியத்தையாயினும் அதனை வரைந்தவரிடமிருந்தே வாங்கலாம். தனியொருவரால் இயலாவிடின் நால்வர் கூடி வாங்கலாம். விடுதிக்கு விடுதி மாற்றி வைக்கலாம். பொன்னாடை மறுநாள் மடிக்கப்பட்டு அலுமாரிக்குள் செல்லும். ஓவியம் சுவரில் இருக்கும். அதன் முன் அமர்ந்து படிப்பவன் ஒருநாள் அதனிடமிருந்து ஒரு வினாவைப் பெறுவான். அதன் விலையைக் கொண்டு ஓவியர் அடுத்த படத்துக்கு வண்ணம் வாங்குவார்.