காற்று வாங்குவது வீண் வேலையா?

குடியாத்தத்தில் நமக்கு ஒரு நெசவாளர் பழக்கம். குழித்தறியில் கால் வைத்து முப்பது வருஷம் ஆகிறது. சமீபத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, "ராத்திரியில் தூக்கம் பிடிப்பதில்லை, ஐயா, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன்" என்று குறைப்பட்டுக் கொண்டார். வைத்தியர் சோதித்துப் பார்த்து உடம்பில் கோளாறு இல்லையென்று கூறி, தினந்தோறும் காலையில் சற்று வெளியே உலாவச் சொன்னாராம். "காற்று வாங்கினால் கூலி வருமா?" என்று நம்மையே கேட்டார்.

மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக் கொண்டிருந்த அவருடைய மனைவி தலை நிமிராமலே, "அவருக்காவது வைத்தியர் சொன்னார், எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்?" என்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதை எடுத்துக் கொள்வோம்.

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்னும் ஆராய்ச்சியாளர் 1984-ஆம் வருஷத்தில் ஒரு விஷயத்தை வெளியிட்டார். பித்தப்பையில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரமாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. படுத்தபடி பார்ப்பதற்கே இவ்வளவு பலன்!

இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை விசாரித்து 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான வெளியில் கழிக்கிறவர்களிடம் தேக சுகமும் மன நிறைவும் அதிகமாகக் காணப்படுவதாகக் கூறுகிறது. சேர்ந்தாற்போல் போனாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி, பலன் ஒன்றுதான். சுகமாக இருப்பவர்களே வெளியே அதிகம் போகிறார்களோ என்று நேயர்கள் கேட்கலாம். அதுவும் ஓரளவு உண்மையாயிருக்கலாம். ஆனால் காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் உள் கடிகாரம் ஒழுங்குபட்டு, இரவில் உரிய நேரத்தில் தூக்கம் வருகிறதென்பது நன்கு நிலைபெற்ற விஷயம். விடிந்ததும் குழிக்குள் இறங்கி, விளக்கு வைத்த பிறகு வெளியே வருகிறவருக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை.

நேரம் இல்லையென்கிறவர்கள் மகாத்மாவை நினைத்துக் கொள்ளட்டும். திறந்த வெளியில் நெடுந்தூரம் நடக்கும் வழக்கத்தால் தமது தேகம் உறுதிப்பட்டதென்று அவர் தம் சுய சரிதையில் எழுதியிருக்கிறார். அவருக்கு இல்லாத வேலையா நமக்கு?

ஆனால் ஒன்று. உலாவுவது வைத்தியத்துக்குத் துணையே தவிர, வைத்தியத்துக்குப் பதில் அல்ல. மனம் மிகவும் நொந்தவர்களைப் பூட்டி வைப்பதும் வைத்தியம் அல்ல. குடியாத்தத்துக்கு அருகிலேயே, வேலூர் பாகாயத்தில், கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் 1957-இல் தொடங்கிய மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு உறவினரும் அங்கே கூடத் தங்குகிறார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், தோட்டத்து வெளியில் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளிகளுடன் இருக்கச் செய்தார். சுவரையும் தனிமையையும் விட வெளியும் மனிதர்களும் நல்லவை என்பதை இவர்கள் கண்டுகொண்டார்கள்.

இனி, அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். அவர் உலாவப் போவதென்றால் எங்கே போவது? மேற்கே காடு இருக்கிறது. அங்கே யானைகளும் இருக்கின்றன. அவற்றின் உலாவலுக்கு நாம் குறுக்கே நிற்க வேண்டாம்! ஊருக்குள் இருக்கும் பெரிய திறந்த வெளி கவுண்டன்ய மகாநதிதான். வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழாவன்று பாருங்கள்: ஊரே கோபாலபுரத்து ஆற்றங்கரையில் கூடுகிறது; பெண்கள் நாளெல்லாம் வெளியே நிற்கிறார்கள்; ஏனென்று கேட்பாரில்லை. மற்ற 364 நாட்களும் அதே பெண்ணுக்கு அந்தக் கரையில் உட்கார இடமும் இல்லை, காரணமும் இல்லை.

ஆற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோமோ, அப்படியே அது நம்மை வைத்திருக்கும். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, வெள்ளம் கரையோர வீடுகளில் புகுந்தது நினைவிருக்கும். இந்த ஆறு போய்ச் சேரும் பாலாற்றைத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு கெடுத்ததைப் பற்றி, 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதியன்றே சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்புக் கூறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய கரையில் காற்று வாங்குவது எப்படி?

ஆகையால் நகரசபையாருக்கு ஒரு விண்ணப்பம்: ஆற்றின் அகலத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டு, கரையில் குப்பை சேராமல் காத்து, நாலு புங்க மரமும் வேப்ப மரமும் வைத்து, பெண்கள் அச்சமின்றி நடக்க விளக்குப் போடுங்கள். இது ஆடம்பரம் அல்ல. ஆஸ்பத்திரிக்குச் சமமான காரியம்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு விண்ணப்பம். நமது நண்பரிடம் அன்று இதைத்தான் சொன்னோம்: "காலையில் நீங்கள் அரை மணி உலாவுங்கள், மாலையில் அரை மணி அந்த முறத்தை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, அம்மாளை அனுப்புங்கள்."

நண்பர் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் அன்று முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தார்.