சித்திரகுப்தன் கணக்கும் யந்திரத்தின் கணக்கும்

மேலுலகத்தில் சித்திரகுப்தன் என்று ஒரு கணக்கன் இருப்பதாகவும், நாம் செய்யும் பாவ புண்ணியங்களையெல்லாம் அவன் ஒன்றுவிடாமல் எழுதி வருவதாகவும் நமது மக்களுக்கு நெடுங்காலமாய்ச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கணக்கைக் கண்டவர் யார்? அதற்கு நகல் உண்டா? தப்பாய் எழுதியிருந்தால் திருத்தக் கேட்க இடம் உண்டா? ஒன்றும் கிடையாது. கணக்கு அவன் கையில். தண்டனை மாத்திரம் நம் தலையில்.

இந்தப் புராணத்தை இப்போது ஏன் எடுத்தோம் என்றால், கூடுவாஞ்சேரி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தோழர் ஒருவர் கடனுக்கு மனுப் போட்டார். மனு தள்ளுபடியாயிற்று. காரணம் கேட்டதற்கு, “கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது, எங்களுக்கே தெரியாது” என்று சொல்லி அனுப்பினார்களாம். சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்று பூசாரி சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகள் என்று புதிதாய் வந்திருக்கின்றன. இவை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவதோடு நிற்பதில்லை. தாமே கடிதம் அனுப்பும், பணம் கட்டும், கணக்கைத் திருத்தும், மனுவைத் தள்ளும். யந்திரமே கூடாது என்று சொல்லும் கூட்டத்தாரல்ல நாம். மனிதன் பாட்டைக் குறைக்கும் எதையும் வரவேற்பவர்களே. ஆனால் கடவுளுக்கு ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டவர்களிடம் என்ன கணக்குக் கேட்டோமோ, அதையே இந்த ஏஜெண்டுகளிடமும் கேட்பது நமது கடமையாகும்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ரெப்ளிட் என்னும் கம்பெனியின் ஏஜெண்டு, எதையும் மாற்றக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தும், ஒருவருடைய தொழில் விவரங்களை அடியோடு அழித்துவிட்டது. அதோடு, அழிந்ததை மீட்க முடியாது என்றும் சொல்லிற்று. பிறகு மீட்க முடிந்தது! குற்றவாளியின் வாய்மொழியையே சாட்சியாய் வைத்து வழக்கை முடிப்பார் உண்டா?

இங்கிலாந்துச் சங்கதி இதைவிடக் கொடுமையானது. அங்கே தபாலாபீசுகளில் ‘ஹொரைசன்’ என்னும் கம்ப்யூட்டர் கணக்கு 1999 முதல் வந்தது. அது பணம் குறைகிறது என்று காட்டியதை நம்பி 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். ஆபீசுக்கு வெளியிலிருந்து அந்தக் கணக்கில் யாரும் கைவைக்க முடியாது என்று தபால் நிர்வாகம் சாதித்தது. கைவைக்க முடியும் என்று 2019 டிசம்பரில் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2024ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்து நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் சிறை சென்றவர் எத்தனை பேர், குடும்பம் கெட்டவர் எத்தனை பேர்!

நமக்கும் இது புதிதல்ல. பரம்பரைக் கர்ணம் எழுதியதே சிட்டா, எழுதியதே அடங்கல் என்று நமது கிராமத்தார் பட்ட பாடு கொஞ்சமா? 1980ல் அந்தப் பரம்பரைப் பதவி தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. ஒழிந்த கர்ணத்தைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மறுபடியும் உட்கார வைக்கலாமா?

ஆகவே மூன்று காரியம் வேண்டும். முதலாவது, ஏஜெண்டு செய்யும் ஒவ்வொரு காரியத்தையும், யார் உத்தரவின் பேரில், எத்தனை மணிக்கு என்பதோடு அப்போதைக்கப்போது பதிய வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு முத்திரை எண் இருக்க வேண்டும்; அது முந்தின வரியின் முத்திரையையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பிறகு வரும் முத்திரைகளெல்லாம் பொருந்தாமல் திருட்டைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. புஸ்தகம் முழுவதையும் தன்னிடமே வைத்திருப்பவன் முதல் வரியிலிருந்து முத்திரை உட்பட எல்லாவற்றையும் புதிதாய் எழுதிக் கொள்ள முடியுமல்லவா? ஆதலால் பதிவின் நகல், எவரும் படிக்கத்தக்க பொது முறையில், அன்றன்றே அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வேறொருவர் கைக்குப் போய்விட வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்கூட இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக் கொள்ளுகிறோம். கோடிக்கணக்கான மக்களின் பிழைப்பைத் தொடும் காரியத்திற்கு ஒரே பிரதி, அதுவும் முதலாளி பெட்டியில் என்றால், அதை நம்பச் சொல்லுவது பக்தியே தவிர புத்தியல்ல.

இது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். நமது நாட்டுக் கம்பெனிகளின் கணக்குச் சாப்ட்வேர், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்க முடியாததாயிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. குமாஸ்தாவின் கைக்குள்ள காவல் ஏஜெண்டின் கைக்கு ஏன் கூடாது?

ஒன்றை மாத்திரம் ஒளிக்காமல் சொல்லுகிறோம். முத்திரையிட்ட பதிவு, எழுதியது பின்னால் மாற்றப்படவில்லை என்பதைத்தான் காட்டும். எழுதியது உண்மையா என்பதைக் காட்டாது. பொய்யை எழுதிப் பூட்டினால் அது பூட்டிய பொய்தான். ஆகையால் பதிவையும் கும்பிடாதீர்கள்; எடுத்துப் படியுங்கள்.

தோழர்களே! இனி யாராவது “கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது” என்றால், தலையெழுத்து என்று திரும்பி வராதீர்கள். “எங்கே பதிவு? நகல் யாரிடம் இருக்கிறது?” என்று கேளுங்கள். கேள்வி கேட்கப் பழகியவனிடம் எந்தச் சித்திரகுப்தன் பாச்சாவும் பலிக்காது.