ஜெர்மானியம் உலோகமாம்!

2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிகங்களைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. 800 வருட அறிவுக்குச் சமம் என்றும் சொன்னார்கள். உடனே என் துறைக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்: டேட்டா இருக்கு, ஜிபியு இருக்கு, இனி கோட்பாட்டு இயற்பியல் எதுக்கு?

சரி, அந்த டேட்டா எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆய்வகத்திலிருந்து இல்லை. கோட்பாட்டுக் கணக்கிலிருந்து. எதை வேண்டாம் என்கிறார்களோ அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு படிகத்துக்குள் ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நேரடியாகக் கணக்குப் போட எந்தக் கணினியாலும் ஆகாது. 1964-இல் ஹோஹன்பெர்க்கும் வால்டர் கோனும் ஒரு குறுக்குவழி காட்டினார்கள்: எலக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று தெரிந்தால் போதும், தாழ்நிலை ஆற்றல் அதிலேயே அடங்கிவிடும். அடுத்த வருடம் கோனும் ஷாமும் அதைக் கணக்குப் போடும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரே ஒரு உறுப்பு மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியாது. தோராயமாக நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். (கோனுக்கு 1998-இல் நோபல் கிடைத்தது, வேதியியலுக்கு!)

இந்தக் கணக்கின் எளிய தோராயத்தில் ஜெர்மானியத்தைப் போட்டுப் பாருங்கள். ஆற்றல் இடைவெளி கிட்டத்தட்ட பூஜ்யம். அதாவது உலோகம். 1947-இல் பெல் லேப்ஸில் முதல் டிரான்சிஸ்டர் செய்ததே ஜெர்மானியத்தில்தான். அறை வெப்பநிலையில் அதன் இடைவெளி சுமார் 0.67 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானுக்கு 1.1 வர வேண்டிய இடத்தில் பாதிதான் வருகிறது.

இது கோடில் இருக்கும் பக் இல்லை. அந்தக் கோட்பாடு வாக்குக் கொடுத்தது தாழ்நிலை ஆற்றலுக்கு மட்டும். இடைவெளி என்பது ஒரு எலக்ட்ரானைச் சேர்க்கும்போதும் எடுக்கும்போதும் நடப்பது. தெரியாத அந்த உறுப்பைத் துல்லியமாகவே கண்டுபிடித்தாலும் கோன்-ஷாம் மட்டங்களின் வித்தியாசம் அசல் இடைவெளி ஆகாது என்று 1983-இல் பெர்டியூவும் லெவியும் ஒருபக்கம், ஷாமும் ஷ்லூட்டரும் இன்னொரு பக்கம் காட்டினார்கள். அசலுக்கு நெருங்கிய விடை 1985 வாக்கில் ஹைபெர்ட்சனும் லூயியும் செய்த கணக்கில் வந்தது. டேட்டாவைக் கூட்டியதால் இல்லை. ஹெடின் 1965-இல் எழுதி வைத்த வேறொரு சமன்பாட்டை எடுத்துக்கொண்டதால்.

டீப்மைண்ட் கணித்தது நிலைத்தன்மையை. அது இந்த முறை ஓரளவு நன்றாகவே செய்யும் வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 2024-இல் சீதமும் சேஷாத்ரியும் அந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்த்து, புதியது, நம்பத்தக்கது, பயனுள்ளது மூன்றும் சேர்ந்த பொருள் அதில் அரிது என்று எழுதினார்கள்.

என் கோபம் இடைவெளியைக் கணிக்கும் மாடல்கள் மேல். மலிவான கணக்கின் எண்களில் பயிற்சி, அதே கணக்கின் எண்களில் பரீட்சை. மார்க் அள்ளாமல் என்ன செய்யும்? கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒரே ஆள் எழுதியது. தப்பைத் துல்லியமாகக் கற்றுக்கொண்டதற்குத்தான் அந்தப் பிழைவீத வரைபடம் சாட்சி. இதே வேலையை நம் ஆபீஸில் யாராவது செய்தால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்போம்.

அடுத்த முறை அப்படி ஒரு ஸ்லைடைக் காட்டினால், ஜெர்மானியத்துக்கு என்ன வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.